தொண்டைப் புண்ணும் தாளம் தவறும் நாடியும்

பயிர்களுக்கு வரும் நோய்கள் இருவகைப்படும் என்பதை நமது சங்க அங்கத்தினர்கள் நன்கு அறிவர். ஒருவகை நோய் இலையைக் கருக்கி, வந்த அன்றே கண்ணுக்குத் தெரியும். மற்றொரு வகை வேரில் தொடங்கி, மேலே பசுமை குன்றாதிருக்கையில் உள்ளே அரித்து, கதிர் முற்றும் காலத்தில் பயிரைச் சாய்க்கும். முதலாவதற்குப் பரிகாரம் தேட நேரமுண்டு. இரண்டாவதில் நாம் விழித்துக் கொள்வதற்குள் நஷ்டம் வந்து விடுகிறது.

மனித தேகத்திலும் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்த வியாதி ஒன்று உண்டு. பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் புண் உண்டாகிறது. சில நாட்களில் அது ஆறிப்போகிறது. இரண்டு மூன்று வாரங்கள் கழித்து முழங்காலும் கணுக்காலும் வீங்கி வலிக்கின்றன. அதுவும் தானாகவே தணிகிறது. வீட்டார் அதை மறந்து விடுகின்றனர். இருபது ஆண்டுகள் சென்றபின், இரு குழந்தைகளுக்குத் தாயான அதே பெண் களத்து வேலையில் மூச்சு வாங்குகிறாள். நெஞ்சு படபடக்கிறது என்கிறாள். ஒருநாள் விடியற்காலையில் வாய் கோணி, ஒரு பக்கத்துக் கையும் காலும் செயலற்றுப் போகின்றன.

தொண்டைப் புண்ணுக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள சம்பந்தம் யாது? இவ்விரண்டையும் பிணைக்கும் சங்கிலி அழற்சி என்பதாம். அச்சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அதை எவ்விடத்தில் அறுக்கலாம் என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

அழற்சி என்பது யாது?

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்நான்கும் சேர்ந்ததையே அழற்சி என்கிறோம். பழைய வைத்திய நூல்களில் தாபிதம் என்றும் கூறுவர். இது தேகத்துக்கு விரோதமானதன்று. தேகம் தன்னைக் காத்துக் கொள்ளும் முறையே ஆகும். காயம்பட்ட இடத்திற்கு இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது. அதிலுள்ள வெள்ளணுக்கள் கிருமிகளை எதிர்த்துப் போராடுகின்றன. போர் முடிந்ததும் சிதைந்த பாகம் செப்பனிடப்படுகிறது.

எனினும், ஊரைக் காக்க வந்த படையே நெடுநாள் தங்கினாலும், இடம் தவறிப் புகுந்தாலும், விளைநிலத்தை மிதித்துப் பாழாக்கிவிடும். அழற்சியும் அப்படியே. நீடித்த அழற்சி ஆறும்போது, அவ்விடத்தில் பழைய மிருதுவான தசைக்குப் பதிலாகக் கடினமான தழும்பு உண்டாகிறது. தோலில் தழும்பு உண்டானால் அழகு மட்டுமே குறையும். இருதயத்தில் உண்டானால் அதன் வேலையே கெடும்.

தேகத்தின் உள்ளே நடக்கும் அழற்சியைக் கண்ணால் காண இயலாது. ஆனால் அழற்சி உண்டாகும்போது கல்லீரல் ஒருவகைப் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. ஸி-ரியாக்டிவ் புரதம் எனப்படும் இது 1930-இல் கண்டறியப்பட்டது. இரத்தப் பரீட்சையில் இதன் அளவைக் கொண்டு தேகத்தில் அழற்சி இருப்பதை வைத்தியர் ஊகித்தறிகின்றனர்.

இருதயத்தின் தாளம்

இருதயத்தில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு அறைகள் உள்ளன. மேலறைகள் இரத்தத்தைப் பெற்றுக் கீழறைகளுக்குத் தருகின்றன. கீழறைகள் அதைச் சுவாசப்பைகளுக்கும் தேகம் முழுவதற்கும் செலுத்துகின்றன. அறைகளுக்கிடையே இரத்தம் பின்னோக்கிச் செல்லாதவாறு ஒருவழிக் கதவுகள் போன்ற வால்வுகள் அமைந்துள்ளன.

வலப்புற மேலறையின் சுவரில் ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. இதை 1907-இல் இங்கிலாந்தில் ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்னும் இருவர் கண்டறிந்தனர். அதிலிருந்து எழும் மெல்லிய மின் குறிப்பு மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள மற்றொரு முடிச்சில் சிறிது தாமதித்து, பின்னர் கீழறைகளுக்கு இறங்குகிறது. இந்த இரண்டாவது முடிச்சை 1906-இல் விளக்கியவர் ஜப்பான் தேசத்து சுனாவோ தவாரா. இளைப்பாறியிருக்கும் வயது வந்தவரின் இருதயம் இம்முறையில் நிமிஷத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கிறது. ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் துடிப்புகள் ஆகின்றன.

தேர்த் திருவிழாவை நினைத்துக் கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒருவர் குரல் கொடுக்க, வடம் பிடித்த நூறு பேரும் ஒரே சமயத்தில் இழுத்தால் தேர் நகர்கிறது. ஒவ்வொருவரும் தம் மனம்போன நேரத்தில் இழுத்தால், அத்தனை பேரும் வியர்த்து விறுவிறுத்தும் தேர் நின்ற இடத்திலேயே நிற்கும். இருதயத் தசையின் கணக்கற்ற உயிரணுக்களும் வடம் பிடித்தவர்களைப் போன்றவையே. குரல் ஒழுங்காக எழ வேண்டும். அது எல்லோர் காதிலும் முறையாக விழவும் வேண்டும். அழற்சி இவ்விரண்டையும் கெடுக்க வல்லது.

தொண்டையிலிருந்து இருதயத்துக்கு

தொண்டைப் புண்களில் பெரும்பாலானவை தாமே ஆறிப்போகும் வைரஸ் நோய்களே. ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமிகளில் ஒரு பிரிவினால் உண்டாகும் தொண்டைப் புண் வேறு தன்மையுடையது. இதை எதிர்க்கத் தேகம் தயாரிக்கும் ஆயுதங்கள், கிருமிக்கும் இருதயத்தின் சில பாகங்களுக்கும் உள்ள சாயல் ஒற்றுமையால் மயங்கி, சில குழந்தைகளிடத்தில் சொந்த இருதயத்தையே தாக்குகின்றன. களையெடுக்கச் சென்றவன் களைக்கும் பயிருக்கும் வேற்றுமை தெரியாமல் இரண்டையும் பிடுங்குவதை இதற்கு ஒப்பிடலாம். இவ்வாறு உண்டாவதே ருமாட்டிக் ஜுரம்.

இஃது பெரும்பாலும் 5 முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றுகிறது. தொண்டைப் புண் தோன்றி இரண்டு மூன்று வாரங்களில் ஜுரமும், ஒரு மூட்டு விட்டு மறு மூட்டுக்குத் தாவும் வீக்கமும் வலியும் காணும். சில குழந்தைகளுக்குக் கைகால்கள் தம் வசமின்றித் துள்ளும், எழுத்துக் கோணும், கையிலுள்ள பாத்திரம் நழுவும். இதைக் குறும்பென்று எண்ணித் தண்டிக்கலாகாது. மூட்டுவலி சில வாரங்களில் வடுவின்றி மறைந்து விடும். ஆயின் இருதயத்தில் புகுந்த அழற்சி அவ்வாறு மறைவதில்லை.

ஜெர்மனி தேசத்து லூட்விக் ஆஷோப் என்பவர் 1904-இல், இந்நோயால் இறந்தவர்களின் இருதயத் தசையில் சிறு சிறு அழற்சி முடிச்சுகள் இருப்பதை எடுத்துக் காட்டினார். பல்லாண்டுகள் கழித்து சஸ்திர சிகிச்சை செய்யும்போது, இத்தகைய முடிச்சுகள் மேலறையின் சுவரிலும் காணப்பட்டதுண்டு. அழற்சி உக்கிரமாக இருக்கும் நாட்களிலேயே தாளம் கெடத் தொடங்குவதும் உண்டு. மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்கும் மின் குறிப்பு வழக்கத்தைவிடத் தாமதமாகச் செல்கிறது. 1944-இல் டக்கெட் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க வைத்தியர் இந்நோயை அறிவதற்கு வகுத்த அடையாளங்களில் இத்தாமதமும் ஒன்று. இ.சி.ஜி. படத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். பெரும்பாலோருக்கு இத்தாமதம் தானே நீங்கிவிடும். பின்னர் வருவதே பெரிய அபாயம்.

தழும்பு செய்யும் தீங்கு

அழற்சி தணிந்தபின் வால்வுகள் தடித்து, ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்கின்றன. இடப்புற மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வே மிகுதியாகப் பாதிக்கப்படுவது. மடைவாய் அடைபட்டால் மேலே நீர் தேங்கிக் கரையை நெருக்குவதுபோல், அவ்வால்வு குறுகினால் இடப்புற மேலறையில் இரத்தம் தேங்கி அதன் சுவரைப் பிதுக்குகிறது. நீட்டப்பட்ட அச்சுவரில் ஏற்கெனவே அழற்சி விட்டுச் சென்ற தழும்புகளும் உள்ளன.

சமன் செய்த வயலில் பாய்ச்சிய நீர் ஒரே சீராகப் பரவும். மேடும் கட்டியுமாக உள்ள வயலில் நீர் அங்கங்கே தடைப்பட்டு, சுற்றி வளைந்து, வந்த வழியே திரும்பிச் சுழலும். தழும்பேறிய மேலறையில் மின் குறிப்பும் இவ்வாறே சுழல்கிறது. நிமிஷத்துக்கு ஒரு நூறுக்கு உட்பட்டு எழ வேண்டிய குறிப்புகள் 350 முதல் 600 வரை பெருகுகின்றன. மேலறை சுருங்கி விரிவதற்குப் பதிலாக நடுங்கிக் கொண்டே இருக்கிறது. வைத்தியர்கள் இதனை ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்பர். நாம் மேலறை நடுக்கம் என்று கூறலாம். நடுவிலுள்ள முடிச்சு இக்குறிப்புகளில் சிலவற்றை மட்டும், அதுவும் ஒழுங்கின்றி, கீழே விடுவதால் நாடி தாளம் தவறி ஓடுகிறது.

மேலைநாடுகளில் வால்வு குறுகுவதற்கு நெடுங்காலம் ஆகும் என்று பாடநூல்கள் கூறி வந்தன. இந்தியாவில் இருபது வயதுக்கு முன்னரே வால்வு மிகவும் குறுகிவிடுவதை எஸ். பி. ராய் முதலிய வைத்தியர்கள் 1963-இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துரைத்தனர். ஆகவே இது முதியோரின் வியாதி என்று நாம் வாளாவிருத்தல் கூடாது.

நடுங்கும் அறையில் இரத்தம் தேங்குகிறது. தேங்கிய இரத்தம் உறைகிறது. உறைந்த கட்டி பெயர்ந்து மூளையின் இரத்தக் குழாயை அடைத்தால் பக்கவாதம் உண்டாகிறது. அமெரிக்காவில் ப்ராமிங்ஹாம் என்னும் ஊரில் 1948 முதல் நடந்துவரும் ஆராய்ச்சியிலிருந்து 1978-இல் வெளியான கணக்கின்படி, மேலறை நடுக்கம் உடையவர்க்குப் பக்கவாத அபாயம் ஏனையோரைவிட ஐந்து மடங்குக்கு மேல். அதனுடன் ருமாட்டிக் இருதய நோயும் சேர்ந்தால் 17 மடங்கு.

வேறு அழற்சிகள்

ருமாட்டிக் ஜுரம் ஒன்றே இருதயத் தாளத்தைக் கெடுப்பதன்று. தொண்டை அடைப்பான் நோயின் விஷம் இருதயத் தசையில் அழற்சியை உண்டாக்கி, மின் குறிப்பு இறங்கும் வழியையே அடைத்துவிடக் கூடும். குழந்தைகளுக்கு உரிய காலத்தில் தடுப்பூசி போடுவதால் இதனை அடியோடு தவிர்க்கலாம். சில வைரஸ் ஜுரங்களுக்குப் பின்னும் இருதயத் தசை அழற்சி கண்டு தாளம் தவறுவதுண்டு. தென் அமெரிக்காவில் ஒருவகைப் பூச்சியால் பரவும் சாகஸ் நோய் பல்லாண்டுகள் இருதயத்தை அழற்சியால் அரித்துத் தாளத்தைக் குலைக்கிறது. அதனை 1909-இல் பிரேஸில் தேசத்துக் கார்லோஸ் சாகஸ் கண்டறிந்தார். இருதயத்தில் சஸ்திர சிகிச்சை செய்து கொண்டவர்களில் பலருக்கு, காயத்தின் அழற்சி மிகுந்திருக்கும் இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் மேலறை நடுக்கம் தோன்றுகிறது.

வெளிப்படையான காரணம் ஏதுமின்றி மேலறை நடுக்கம் கொண்ட 12 பேரின் மேலறைத் தசையிலிருந்து சிறு துணுக்கெடுத்து இத்தாலிய வைத்தியர்கள் 1997-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 8 பேரிடத்தில் அழற்சியின் அடையாளங்கள் காணப்பட்டன. மேலறை நடுக்கம் உடையவர்களின் இரத்தத்தில் ஸி-ரியாக்டிவ் புரதம் மிகுந்திருப்பதை 2001-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினர். நடுக்கம் நிலைத்து விட்டவர்களிடம் அது இன்னும் அதிகமாயிருந்தது.

நடுக்கம் தன்னைத்தானே வளர்த்துக் கொள்ளும் இயல்பும் உடையது. ஹாலந்து தேசத்தில் வெள்ளாடுகளின் மேலறையைக் கருவியால் மீண்டும் மீண்டும் நடுங்கச் செய்து பார்த்தனர். தொடக்கத்தில் சில விநாடிகளில் அடங்கிய நடுக்கம், நாளடைவில் இரவு பகலாக நீடித்ததென்று 1995-இல் தெரிவித்தனர். ஆதலின் காலந்தாழ்த்தாது சிகிச்சை பெறுதல் அவசியம்.

அழற்சியே காரணமாயின் அழற்சியைத் தணிக்கும் மாத்திரையைத் தின்றால் போதாதோ என்று சிலர் வினவலாம். அவ்வாறு எளிதில் முடிவதன்று. கால்சிஸின் என்னும் அழற்சி தணிக்கும் மருந்தை மார்பினுள் சஸ்திர சிகிச்சை பெற்றவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய பரிசோதனை ஒன்றின் முடிவு 1923-க்குச் சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, 2023-இல் வெளியாயிற்று. மேலறை நடுக்கம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. வலிக்கென்று கடையில் விற்கும் மாத்திரைகளை நாமே வாங்கி உண்பது, இருதய நோயாளிக்கு நன்மையைவிடத் தீமையே விளைக்கக் கூடும். எரிந்த கூரையில் நீர் ஊற்றுவதைவிட, அடுப்புப் பொறி கூரைக்குச் செல்லாமல் காப்பதே அறிவுடைமை. அப்பொறி இருப்பது தொண்டையில்.

தடுக்கும் வழி

1928-இல் அலெக்ஸாண்டர் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலின் மருந்தே இதில் நமக்குத் துணை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண்ணுக்குப் பெனிசிலின் கொடுத்தால் ருமாட்டிக் ஜுரம் வராமல் தடுக்கலாம் என்பதை 1950-இல், அமெரிக்காவின் வயோமிங் மாகாணத்துப் படைவீடு ஒன்றில் நடத்திய ஆராய்ச்சியால் வைத்தியர்கள் நிரூபித்தனர். புண் தோன்றி ஒன்பது நாட்களுக்குள் மருந்து தொடங்கினாலும் இப்பலன் கிட்டும். ஆகவே, குழந்தைக்கு ஜுரத்துடன் தொண்டை வலியும், கழுத்தில் நெறிகட்டுதலும், விழுங்குவதில் வேதனையும் இருந்தால், அதிலும் சளியும் இருமலும் இல்லாதிருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். வைத்தியர் பத்து நாட்களுக்கு மாத்திரை கொடுத்தால், மூன்றாம் நாளே வலி நின்றாலும் பத்து நாட்களும் கொடுத்தல் வேண்டும்.

ஒருமுறை ருமாட்டிக் ஜுரம் கண்ட குழந்தைக்கு அது மீண்டும் வரக்கூடும்; ஒவ்வொரு முறையும் வால்வு மேலும் கெடும். இதைத் தடுக்க மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்ஸதீன் பெனிசிலின் ஊசி போடப்படுகிறது. இருதயம் பாதிக்கப்படாதவர்களுக்கு ஐந்து ஆண்டுகள் அல்லது 21 வயது வரை, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை ஊசி தேவை. வால்வில் பழுது நிலைத்துவிட்டவர்களுக்குப் பத்து ஆண்டுகள் அல்லது 40 வயது வரை, சிலருக்கு ஆயுள் முழுவதும் தேவைப்படும். பெனிசிலின் ஒவ்வாதவர்கள் அதனை முன்னதாகவே வைத்தியரிடம் கூற வேண்டும். அவர்களுக்கு வேறு மருந்து உண்டு.

கடன் தவணையை அங்கத்தினர்கள் அறிவர். ஒரு தவணை தவறினால் அன்று ஒன்றும் நேர்ந்துவிடுவதில்லை. வட்டி மட்டும் சத்தமின்றி ஏறுகிறது. இவ்வூசியும் தவணை போன்றதே. ஊசி தவறிய மாதத்தில் குழந்தை ஓடியாடி விளையாடும். தவறியதன் கணக்கு பிற்காலத்தில்தான் வசூலிக்கப்படும்.

இதன் பலன் எவ்வளவென்பதற்கு இரண்டு சான்றுகள் கூறுவோம். உகாண்டா தேசத்தில், வெளிக்குறி ஏதுமின்றி வால்வில் தொடக்கப் பழுது கொண்ட 5 முதல் 17 வயது வரையுள்ள 818 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஊசி போட்டனர். இரண்டாண்டுகளில் ஊசி பெற்ற பிரிவில் 3 பேருக்கும், பெறாத பிரிவில் 33 பேருக்கும் நோய் முற்றியது. கியூபாத் தீவின் பினார் டெல் ரியோ மாகாணத்தில் 1986 முதல் 1996 வரை, ஜனங்களுக்கும் ஊழியர்களுக்கும் இதைக் கற்பித்து, நோயுற்றவர்களின் பெயர்ப்பட்டியல் வைத்து, ஊசி தவறாமல் கவனித்து வந்தனர். பள்ளிப் பிள்ளைகளிடையே ருமாட்டிக் இருதய நோய் ஆயிரத்துக்கு 2.27 என்றிருந்தது, பத்தாண்டு முடிவில் 0.24 ஆகக் குறைந்தது. அங்கே புதிய மருந்து எதுவும் உபயோகிக்கப்படவில்லை. பட்டியலும் விடாமுயற்சியுமே வேலை செய்தன.

மேலைநாடுகளில் பெனிசிலின் வருமுன்னரே இந்நோய் குறையத் தொடங்கியது. காற்றோட்டமுள்ள வீடும், நெருக்கமின்றி உறங்க இடமும், நல்ல உணவும் கிடைத்ததே அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. ஒரே அறையில் பலர் நெருங்கிப் படுக்குமிடத்தில் இக்கிருமி எளிதில் பரவும். ஆகையால் வீட்டைச் செப்பனிடுவதும் இருதயத்தைக் காப்பதேயாம்.

நாடியைப் பார்க்கும் முறை

மணிக்கட்டில் பெருவிரலின் அடிப்பக்கத்தில் இரண்டு விரல்களை மெல்ல வைத்து, ஐந்து நிமிஷம் இளைப்பாறிய பின்னர், ஒரு நிமிஷம் முழுவதும் நாடியை எண்ண வேண்டும். கால் நிமிஷம் எண்ணி நான்கால் பெருக்குவது இதற்கு உதவாது. நல்ல நாடி நெல் குத்தும் உலக்கைபோல் சீராக விழும். எப்போதாவது ஒரு துடிப்பு விட்டுப் போவது பெரும்பாலும் அஞ்சத்தக்கதன்று. துடிப்புகள் சில விரைந்தும் சில பிந்தியும், சில பலத்தும் சில மெலிந்தும், எவ்வித ஒழுங்குமின்றி ஓடினால், வைத்தியரிடம் சென்று இ.சி.ஜி. எடுக்க வேண்டும். அதனுடன் மயக்கமோ, மார்பு வலியோ, கடுமையான மூச்சுத் திணறலோ இருப்பின் அன்றே, அந்நேரமே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

தாளம் தவறியவர்கள் கவனிக்க வேண்டியவை

மேலறை நடுக்கம் உடையவர்களுக்குத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கவும், இயன்றால் தாளத்தை மீட்கவும் மருந்துகள் உண்டு. குறுகிய வால்வைக் குழாய் வழியே பலூன் செலுத்தி விரிக்கும் சிகிச்சையும் உண்டு. இவற்றினும் முக்கியமானது இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து.

அம்மருந்தின் வரலாறு கால்நடை வளர்ப்போர்க்கு ஆச்சரியமூட்டும். 1920-களில் கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளிகளிலும், குளோவர் என்னும் தீவனச் செடியின் பூசணம் பிடித்த வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து மாண்டன. அவ்வைக்கோலிலிருந்த சத்தை 1939-இல் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த வார்பரின் முதலில் 1948-இல் எலிப் பாஷாணமாகவும், 1954 முதல் மனிதருக்கு மருந்தாகவும் உபயோகத்திற்கு வந்தது. அளவு குறைந்தால் இரத்தம் உறையும். மிஞ்சினால் இரத்தம் கசியும். ஆதலின் ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரீட்சையை வைத்தியர் குறித்த நாளில் செய்து கொள்ள வேண்டும். மேலறை நடுக்கத்திற்கு அந்த அளவு பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையே இருத்தல் வேண்டும்.

பரீட்சை தேவைப்படாத புதிய மருந்துகள் வந்துள்ளனவே என்று கேட்கலாம். ருமாட்டிக் இருதய நோயுடன் மேலறை நடுக்கம் கொண்ட 4,531 பேரிடம் 24 தேசங்களில் நடத்திய ஆராய்ச்சி 2022-இல் வெளியாயிற்று. அதில் புதிய மருந்தாகிய ரிவராக்ஸபானைவிட, வார்பரின் வகை மருந்து உண்டவர்களிடையே மரணம் குறைவாயிருந்தது. எனவே அயலார் கூறியதைக் கேட்டு மருந்தை மாற்றலாகாது. அந்த ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 72 பேர் ஸ்திரீகள் என்பதும் சிந்திக்கத்தக்கது.

கர்ப்ப காலத்தில் தேகத்தின் இரத்த அளவு ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. குறுகிய வால்வு அச்சுமையைத் தாங்காது. அதுவரை அடங்கியிருந்த நோய் அப்போது வெளிப்படும். வார்பரின் உண்ணும் பெண் கருவுற்றால் சிசுவுக்கும் தீங்கு நேரலாம். எனவே கர்ப்பம் தரிக்குமுன்னரே வைத்தியரைக் கலந்தாலோசித்தல் வேண்டும். பெண்ணின் நோய் வெளியே தெரிந்தால் விவாகம் தடைப்படும் என்று அஞ்சி, ஊசியை நிறுத்திவிடும் பெற்றோர் உண்டு. மறைத்த நோய் பிரசவ காலத்தில் தானே பேசும். அப்போது இழப்பது ஒரு சம்பந்தத்தை அன்று. பெண்ணின் உயிரையும் சிசுவின் உயிரையும்.

சங்கம் செய்யத்தக்கவை

1. ஊரில் மாதாந்தர ஊசி பெறும் குழந்தைகளின் விவரத்தைக் கிராம சுகாதாரச் செவிலியருடன் கலந்து, நம்பிக்கைக்குரிய ஒருவர் மட்டும் வைத்திருக்கலாம். அதைச் சபையில் படிக்கவோ பிறருக்குக் காட்டவோ கூடாது.

2. ஊசி நாளில் கூலி வேலைக்குச் சென்ற பெற்றோரின் குழந்தையை அழைத்துச் செல்ல, அங்கத்தினர்கள் முறைவைத்துப் பொறுப்பேற்கலாம்.

3. பொதுநல நிதியிலிருந்து இரத்தப் பரீட்சைக்குச் செல்வோரின் வண்டிச் சத்தத்துக்கு உதவலாம். பக்கவாதத்தால் விழுந்தவரின் குடும்பம் நிலத்தை ஈடுவைப்பதைக் காட்டிலும் இச்செலவு மிகச் சிறியது.

4. வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனக் கண்டாலும், கைவைத்தியம் செய்து காலத்தைப் போக்காமல் 108 வண்டியை அழைக்க வேண்டுமென்று எல்லா வீடுகளிலும் சொல்லி வைக்கலாம். உறைந்த கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட வேண்டியது.

5. பள்ளி ஆசிரியரைக் கூட்டத்துக்கு அழைத்து, மூட்டு வீங்கிய குழந்தையையும் கைகால் துள்ளும் குழந்தையையும் கண்டால் பெற்றோருக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக் கொள்ளலாம்.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

தொண்டைப் புண் ஆறிய பின்னும் பத்து நாட்கள் மருந்து கொடுப்பது ஏன்? தாவும் மூட்டுவலியை வளரும் வயதின் வலியென்று விட்டுவிடுவதால் நேரும் தீங்கு யாது? நாடியை ஒரு நிமிஷம் முழுவதும் எண்ண வேண்டுவது ஏன்? வார்பரின் உண்பவர் எந்தப் பரீட்சையைத் தவறவிடலாகாது? நமது ஊரில் சென்ற மாதம் ஊசி தவறிய குழந்தை உண்டா. உண்டாயின் அதற்குத் தடையாயிருந்தது யாது?

இவற்றுள் கடைசி வினாவுக்கு விடை காணாமல் கூட்டத்தைக் கலைத்தல் கூடாது.